குளக்கரை மண்மேடுகளைக் கட்டியவர் யாவர்?

மாரிமழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, ஈரமண் வெயிலிற் காயத் தொடங்கும் நாட்களிலே நம் பகுதி நீர்நிலைகளின் ஓரமாக நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருத்தல் அரிது. நேற்றுவரை மட்டமாயிருந்த நிலத்திலே சிறுசிறு மண்மேடுகள் எழுந்து நிற்கும். உள்ளங்கையில் அடங்குவன சில, கூடையளவின சில, ஆண்டாண்டாக நின்று ஆளுயரத்தை எட்டியன வேறு சில. கல்முனைக்கு மேற்கே கிட்டங்கித் தாம்போதியின் இருமருங்கிலும், கரைவாகு வட்டையின் வரம்புகளிலும், நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் இடையே செல்லும் களியோடை ஆற்றங்கரையிலும், அக்கரைப்பற்றின் பெரிய களப்போரத்திலும் இத்தகைய மேடுகளைத் தேடிக் காணலாம். மேடு கண்ணுக்குத் தெரிகின்றது, கட்டியவர் தெரிவதில்லை. அவருட் பலர் இரவிலே தொழில் செய்து, பகலிலே வாயிலை அடைத்துக்கொண்டு உறங்குபவர்.

‘இஃது எதன் வேலை?’ என்று சிறுவன் ஒருவன் கேட்பானாயின், பெரியோர் பலரும் தரும் விடை ஒன்றே: ‘பாம்புப் புற்று; கிட்டப் போகாதே!’ பிள்ளையை ஆபத்திலிருந்து விலக்கும் அன்பு அவ்விடையில் உண்டு, உண்மைதான் இல்லை. மண்மேடு கட்டும் பாம்பு நம் நாட்டிலே கிடையாது. பிறர் கட்டிய வீட்டிற் குடிபுகுவதே பாம்பின் வழக்கம். ஆகவே, கட்டியவர் யார் என்னும் வினா விடையின்றி நின்றுவிடுகின்றது.

இவ்வினாவுக்கு விடை காண்பதாற் பயன் என்ன என்று சிலர் எண்ணலாம். பயன் பெரிது. மண்புழுவின் மேட்டைப் பகைவனின் மேடெனக் கருதி நஞ்சூட்டினால் நண்பனைக் கொன்றவராவோம். எலியின் மேட்டைப் புழுவின் மேடென்று அலட்சியம் செய்தால் நெல்லையும் உடல் நலத்தையும் இழப்போம். குளக்கட்டிலே குடையப்பட்ட வளையைக் காணாது விட்டால் வயலும் ஊரும் நீரிற் போகலாம். முதலையின் கூட்டைக் குப்பைமேடென்று எண்ணி ஏறினாலோ உயிரே போகலாம். ஒரு பிடி மண்ணைச் சரியாக அறிதலில் இத்தனையும் தங்கியிருக்கின்றன.

நான்கு கேள்விகள்

மேட்டைக் கட்டியவரைக் காணாமலே கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் போதும். முதலாவது, மண் எத்தன்மையது? பொலபொலவென்று உதிர்ந்ததா, உருண்டை உருண்டையாகத் திரண்டதா, சாந்து பூசியதுபோல் இறுகியதா, இலையும் புல்லும் கலந்ததா? இரண்டாவது, வாயில் உண்டா? உண்டெனின் திறந்திருக்கின்றதா, அடைபட்டிருக்கின்றதா? மூன்றாவது, உருவம் எத்தகையது? குவியலா, குழாயா, கோபுரமா? நான்காவது, இடமும் காலமும் யாவை? நீரிலிருந்து எத்தனை அடி தூரத்தில், எந்தப் பருவத்தில் அது தோன்றியது? இந்நான்கிற்கும் விடை எழுதிக்கொண்டால் ஐந்தாவதான ‘யார்?’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் தானே வந்துவிடும்.

கோபுரம் எழுப்பும் புழு

மிகச் சிறிய மேட்டிலிருந்து தொடங்குவோம். ஈரமான புற்றரையிலே இடியப்பம் பிழிந்து வைத்தாற்போன்று, மெல்லிய மண்ணிழைகள் சுருண்டு சுருண்டு குவிந்திருக்கும். வாயில் வெளியே தெரியாது. இது நாங்கூழ் எனப்படும் மண்புழு விழுங்கி வெளியேற்றிய மண்ணாகும். சிலவகைப் புழுக்கள் இதனை விரலளவுக் கோபுரமாகவே எழுப்பிவிடும். கல்கத்தாத் தாவரவியற் பூங்காவிலிருந்து கிடைத்த அத்தகைய கோபுரமொன்றின் படத்தை, சாள்ஸ் டார்வின் தமது மண்புழு பற்றிய நூலிலே 1881ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1837ஆம் ஆண்டிலே புழுக்களைப் பற்றி முதன்முதலாக அறிஞர் கழகத்திற் கட்டுரை வாசித்த அப்பெருமகனார், நாற்பதாண்டுகளுக்கு மேலாக அப்பொருளைக் கைவிடவில்லை. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்திலே ஆண்டுதோறும் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலினூடாகச் சென்று வெளிவருகின்றது என்பது அவர் கண்ட முடிபு. சம்பளம் கேளாத உழவன் என்று புழுவைச் சொல்வது மிகையன்று.

புழு கட்டும் மேடு விரலளவோடு நின்றுவிடும் என்று எண்ணற்க. தென்னமெரிக்காவிலே, கொலம்பியா, வெனிசுவேலா ஆகிய நாடுகளில் ஒரினோக்கோ ஆற்றின் தாழ்ந்த சமவெளிகள் மழைக்காலத்தில் நீரில் மூழ்குபவை. அங்கே அரை மீற்றர் முதல் ஐந்து மீற்றர் வரை அகலமும், சில இடங்களில் இரண்டு மீற்றருக்கு மேல் உயரமும் உடைய மண்மேடுகள் பெருந்தொகையாய்ப் பரந்து கிடக்கின்றன. அவற்றின் தோற்றம் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு அப்புதிரை அவிழ்த்தது. வானிலிருந்து எடுத்த படங்களையும் மேட்டு மண்ணையும் ஒப்புநோக்கிய ஆய்வாளர், அவற்றைக் கட்டியவை பெரிய மண்புழுக்களே என்று கண்டனர். நீர் தேங்கிய நிலத்திலே மேயும் புழு, மூச்சுவிட மேலெழ வேண்டும். அது மீண்டும் மீண்டும் ஒரே இடத்திற்கு வந்து மண்ணை வெளியேற்ற, அவ்விடம் உயர்கின்றது. மண் எடுக்கப்பட்ட சுற்றுப்புறமோ பள்ளமாகின்றது. பின்னர் அடுத்தடுத்த மேடுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. வெள்ளத்தில் மூழ்கும் நிலத்திலே மேட்டுவீடு கட்டும் அறிவு மனிதனுக்கு மட்டும் உரியதன்று போலும்!

கறையான் கட்டிய கோட்டை

அடுத்தது, தட்டினால் ஓசை தரும் அளவுக்கு இறுகிய மேடு. மழையிற் கரையாது, மண்வெட்டிக்கும் எளிதில் இடங்கொடாது. இதுவே கறையான் புற்று. மண் துகளைத் தன் உமிழ்நீரிற் குழைத்து, துகளின்மேல் துகளாக அடுக்கிக் கறையான் இதனைக் கட்டுகின்றது. உள்ளே காற்றோட்டத்துக்கான குழாய்களும், அரசியின் அறையும், ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்க்கும் தோட்டங்களும் உண்டு. மழை பெய்த பின்னர் புற்றின்மேல் முளைக்கும் காளான், அத்தோட்டத்துப் பூஞ்சணம் வெளியே தலைகாட்டுவதேயாகும். புற்றைச் சுட்டும் ‘வன்மீகம்’ என்னும் வடசொல்லிலிருந்தே வான்மீகி முனிவரின் பெயர் பிறந்தது என்பதை மாணவர் அறிந்திருப்பர்.

கறையான் எவ்வளவு பெரிய கட்டடக்காரன் என்பதற்குப் பிரேசில் நாடு சான்று. அதன் வடகிழக்குப் பகுதியிலே ஏறக்குறைய 2,30,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் சுமார் 20 கோடி மேடுகள் உள்ளன என்றும், அவை கறையான்கள் நிலத்தடியே சுரங்கம் தோண்டி வெளியே தள்ளிய மண் என்றும், அவற்றுட் சில 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும் 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. அப்பரப்பு நமது இலங்கையின் பரப்பைப்போல் மூன்றரை மடங்கு!

கைவிடப்பட்ட புற்றிலே பாம்பு குடியிருக்கலாம் என்பது உண்மையே. ஆதலாற் புற்றினுட் கைவிடுதல் எக்காலத்தும் தகாது. ஆயினும் அங்கு தங்கும் சாரைப்பாம்பு எலியை உண்டு வயலைக் காப்பது. அதனைத் தேடி அடித்துக் கொல்பவர் தம் நெற்களஞ்சியத்தின் காவலனையே கொல்பவராவர். புற்றின் பக்கமொன்று பெயர்த்தெறியப்பட்டிருக்குமாயின், கறையானை உண்ண வந்த அழுங்கோ, காட்டோரமாயின் கரடியோ இரவில் வந்து போயிருக்கின்றது என்று அறியலாம்.

நண்டின் குழாய்

நீரோரத்துச் சேற்றிலே குண்டுமணி போன்ற மண்ணுருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவிலே வட்டமான திறந்த துளையுடன் புகைபோக்கிபோல் நிற்குமாயின், அது வயல்நண்டின் வீடு. நண்டு ஈரமண்ணை உருட்டி உருட்டி மேலே கொண்டுவந்து வைக்கின்றது. உருண்டையின் வடிவமே அதன் கையொப்பம். வெயிற்காலத்தில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, வளையும் ஆழமாகிக்கொண்டே செல்லும். இலங்கையின் நன்னீர் நண்டு இனங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை என்பது நாம் பெருமையுடன் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் இதனை ஒப்பிட்டுப் பார்க்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ விடியற்காலையில் மணலிலே இறங்கினால், துளையின் ஒருபக்கமாக விசிறிபோல் மணல் எறியப்பட்டிருப்பதைக் காணலாம். கண்மூடித் திறப்பதற்குள் ஓடி மறையும் கடற்கரை நண்டின் வேலை அது. வயல்நண்டு ஈரமண்ணை அடுக்குகின்றது. கடல்நண்டு மணலை வீசுகின்றது. தென்கிழக்காசியாவின் கண்டற்காடுகளிலே, குறிப்பாகச் சிங்கப்பூரின் சுங்கை பூலோச் சதுப்புநிலத்திலே, இறாலைப்போன்ற ஒரு சேற்றுயிர் எழுப்பும் மேடுகள் இன்னும் பெரியவை. சிலவிடங்களில் அவை ஆளுயரத்தை எட்டுவதுமுண்டு. ஆழத்து மண்ணை மேலே கொணர்ந்து, வேறு பல உயிர்களுக்கும் செடிகளுக்கும் அவை இடமளிக்கின்றன.

எலியின் களஞ்சியம்

இனி, பொலபொலவென்று உதிர்ந்த புதுமண் குவியலாகக் கிடக்க, அருகிலுள்ள துளை மண்ணாலே அடைக்கப்பட்டிருக்குமாயின் எச்சரிக்கையாதல் வேண்டும். இதனைச் செய்தது பெருச்சாளி இனத்தைச் சார்ந்த வயலெலி. ஆங்கிலத்திலே இவ்வினத்தைச் சுட்டும் ‘பண்டிகூட்’ என்னும் சொல், பன்றி எலி எனப் பொருள்படும் ‘பந்திகொக்கு’ என்ற தெலுங்குச் சொல்லின் திரிபாகும். இவ்வெலி உள்ளே புகுந்ததும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வளையிலே படுக்கையறை வேறு, நெல் சேர்க்கும் அறை வேறு. ஆபத்து நேரும்போது தப்பியோடுவதற்கென மேலே மெல்லிய மண்மூடியிட்ட மறைவழியும் உண்டு. தமிழ்நாட்டிலே செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் மக்கள் இவ்வளைகளைத் தோண்டி, எலி சேமித்த நெல்லை மீட்டு உணவாக்கும் வழக்கமுடையவர். வளைக்குள்ளே கதிர் எவ்வளவு போகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வயலில் நீர் நிற்கும்போது எலி வரம்பையும் குளக்கட்டையும் நாடும். மூன்று வாரத்தைச் சற்றே கடந்த கருப்பகாலத்தில் அது பல குட்டிகளை ஒருங்கே ஈனும். ஆதலாற் குடலைப் பருவம் வரும்வரை காத்திராமல், பயிர் இளமையாயிருக்கும்போதே அயல் வயற்காரர் யாவரும் ஒன்றுகூடி எலி ஒழித்தலே முறை. ஒருவர் வயலில் மட்டும் பொறி வைத்தால் அடுத்த வயலின் எலி வந்து குடியேறும். கண்டபடி நஞ்சிடுதலோ, எலியோடு கோழியையும் நாயையும், எலியை உண்ணும் கூகையையும் கொல்லும்.

நெல்லிழப்பினும் கொடிது எலிக்காய்ச்சல். நோயுற்ற எலியின் சிறுநீரிலுள்ள சுருள்வடிவக் கிருமி, சேற்றுநீரிற் கலந்து, காலிலுள்ள சிறு காயத்தின் வழியே மனிதர் உடலிற் புகுகின்றது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டனர். 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். வயலில் இறங்கிய சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசைவலி, கண்சிவப்பு, சிறுநீர்க் குறைவு ஆகியவை தோன்றினால், சாதாரண காய்ச்சலென்று வீட்டிலே கைவைத்தியம் செய்து காலங்கடத்தலாகாது. வயலில் இறங்கிய செய்தியை வைத்தியரிடம் சொல்லியே மருந்து பெறல் வேண்டும். வேளாண்மை வேலை தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அணுகித் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிவதும் அறிவுடைமை. வரம்பிலே எலிமேடு தெரிந்தால், அதனடியில் நிற்கும் நீரையும் ஐயத்தோடு நோக்குக.

கட்டிலே துளை

நண்டும் எலியும் கறையானும் வயல்வரம்பிலே துளையிட்டால் ஒரு பாத்தியின் நீர் ஒழுகும். பெருங்குளத்தின் கட்டிலே துளையிட்டால் நிலைமை வேறு. குளம் நிரம்பும்போது நீர் அவ்வளையைத் தேடிப் புகுகின்றது. முதலில் நூலளவாகக் கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டே செல்ல, நூல் குழாயாகி, குழாய் வாய்க்காலாகி, மேலிருக்கும் கட்டு இடிந்து விழுகின்றது. ஆயிரங்காவதக் கரையையும் எறும்புவளை உடைக்கும் என்னும் கருத்துடைய பழமொழி சீனரிடையே வழங்குவது இதனாலேயே.

இது பழமொழியோடு நின்ற செய்தியன்று. இத்தாலியிலே மொதேனா நகருக்கு அருகில் 2014 சனவரி 19ஆம் நாள் செக்கியா ஆற்றின் அணைக்கரை உடைந்து ஊர்களிலே வெள்ளம் புகுந்தது. முள்ளம்பன்றி போன்ற விலங்குகள் கரையிலே குடைந்த வளைகளே அதற்குக் காரணமாயிருத்தல் கூடும் என்று அதனை ஆராய்ந்த அறிஞர் காட்டினர். குளக்கட்டு உடைந்தால் என்ன நேரும் என்பதை நமது கிழக்கு மாகாணம் பட்டறிந்துள்ளது. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் அதிகாலையிலே கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வனர்த்தத்தை எந்த விலங்கின் மீதும் சுமத்துதல் நேர்மையன்று. ஆயினும் உடைந்த கட்டின் முன்னே மனிதன் எத்துணைச் சிறியவன் என்பதை அது காட்டியது.

ஆகவே குளக்கட்டிலே புதுமண் கண்டவர், துளையின் வாயிலே ஒரு பிடி களிமண்ணை அடைத்துவிட்டுத் திருப்தியடைதல் தவறு. வாய் அடைபட்டாலும் உள்ளே சுரங்கம் அப்படியே இருக்கும். வளையை முடிவுவரை தோண்டிப் பார்த்து, களிமண்ணைப் படைபடையாக இட்டு இடித்து இறுக்குதல் வேண்டும். பெருங்குளமாயின் தாமே தோண்டாமல் கமக்காரர் அமைப்புக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ உடனே அறிவித்தலே கடமை. கட்டின் மறுபுறத்திலே ஒழுகும் நீர் தெளிவாயின் கவனம் போதும். கலங்கியிருந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகின்றது என்பது பொருள். அப்போது ஒரு நாழிகையும் தாமதித்தலாகாது.

அணுகக் கூடாத மேடு

இறுதியாக, மாணவர் நன்கு மனத்திற் பதிக்கவேண்டிய மேடு ஒன்று உண்டு. நீரோரத்துப் புதரிடையே இலை, புல், கோரை, சேறு யாவும் கலந்து, இரண்டு முழம் வரை உயர்ந்து, கட்டில் அகலத்துக்குக் குவிந்து கிடக்கும். அதிலிருந்து நீர்வரை ஏதோ பாரமானதொன்று இழுபட்ட தடம் தெரியும். இது செம்மூக்கன் எனப்படும் உவர்நீர் முதலையின் கூடு. நாற்பது, ஐம்பது முட்டைகளை இட்டு மூடிவைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் தாய்முதலை அருகிலேயே காவலிருக்கும். மக்கும் இலைதழையின் வெப்பமே முட்டையைப் பொரிக்க உதவுகின்றது. அவ்வெப்பத்தின் அளவே குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கின்றது. நன்னீர்க் குளத்து முதலையோ மேடு கட்டுவதில்லை. கரையிலே குழி தோண்டி முட்டையிடும். நீண்ட வளையும் குடையும்.

இத்தகைய மேட்டைக் கண்டால் வந்த வழியே மெல்லத் திரும்பி, மற்றையோரையும் எச்சரித்தல் வேண்டும். ஆற்றுவாழை மூடிய நீரோரத்திலே குளிக்கவும், தூண்டில் போடவும், மாடு கழுவவும் இறங்குவோர்க்கு இவ்வறிவு உயிர்காக்கும். கூட்டைக் கலைத்தலும் முட்டையெடுத்தலும் ஆபத்து மட்டுமல்ல, சட்டவிரோதமுமாகும். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில் முதலைகள் பாதுகாக்கப்பட்டவை. செய்தியை வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறையாகும்.

மாணவர்க்கு ஒரு வேலை

மாணவர்களே! வரும் விடுமுறையிலே பெரியவர் ஒருவரைத் துணைக்கொண்டு உங்கள் ஊர் வரம்பையும் வாய்க்காலையும் சென்று பாருங்கள். ஒரு கொப்பியில் நாள், இடம், மேட்டின் உயரம், அகலம், மண்ணின் தன்மை, வாயில், நீரிலிருந்துள்ள தூரம் ஆகியவற்றைக் குறியுங்கள். எலியோ நண்டோ இன்னும் குடியிருக்கின்றதா என அறிய எளிய வழி ஒன்றுண்டு: மாலையிலே நீண்ட கோலினால் மண்ணைத் தட்டி மட்டமாக்கி, வாயிலையும் மூடிவிட்டு வாருங்கள், மறுநாட் காலையில் புதுமண் கிளம்பியிருந்தால் வீட்டுக்காரர் உள்ளே இருக்கின்றார். எலி ஒழிப்பிலே ஈடுபடுவோரும் இம்முறையையே கையாள்கின்றனர். எத்துளையிலும் கைவிடாதீர்கள், வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், வீடு திரும்பியதும் கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

ஒரு வரம்பிலே பத்து மேடுகளைக் குறித்து முடித்தவர், அவற்றுள் எத்தனை நண்பருடையவை, எத்தனை பகைவருடையவை எனக் கணக்கிட்டு வீட்டிலே தந்தையாரிடமும் பாட்டனாரிடமும் காட்டட்டும். வயலிலே வாழ்நாளைக் கழித்த அவர்கள், நீங்கள் குறியாது விட்டதொன்றைச் சுட்டிக்காட்டுவர். அதனையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாரி தொடங்குமுன் குளக்கட்டைச் சீர்செய்வோர்க்கு அக்கொப்பி பேருதவியாக அமைதல் கூடும்.